ஆறரை என்று சொன்ன மகனுக்கு

என் மகனே,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாரே இந்த மனுஷன் என்று நீ சிரிக்கலாம். சிரித்துக்கொள். நேரில் பேசினால் நான் கத்துவேன், நீ வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய், உங்கம்மா அடுப்பை அணைத்துவிட்டு அழ உட்காருவாள், அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இருக்காது. காகிதத்தில் எழுதினால் குறைந்தபட்சம் முழுவதையும் சொல்லி முடிக்கலாம். நேற்று சமையலறையில் நீ உங்கம்மாவிடம் பேசியது கூடத்தில் இருந்த எனக்குக் கேட்டது. கண்ணில்தான் எனக்குக் கோளாறு இருந்தது, காது நன்றாகத்தான் இருக்கிறது. "ஒரு தொட்டிச் செடிக்காகவாம்மா அப்பா என் கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு உட்காந்துருக்காரு?" என்று கேட்டாய். அவள் குக்கரை இறக்கப் போய்விட்டாள். அவளால் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அவளும் உன் கட்சி. ஆகையால் நானே சொல்கிறேன்.

மின்துறையில் கம்பம் கம்பமாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றபோது, இனி காலை எழுந்தால் எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன். உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நீதான் மூலக்குளம் மெயின் ரோட்டிலிருந்து நான்கு தொட்டிகளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாய். "சும்மா உட்காந்து டிவிகூட சண்டை போடாதீங்கப்பா, மாடியில செடி வைங்க" என்றாய். நானும் வைத்தேன், தொட்டிகளும் கூடிக்கொண்டே போயின. மக்கிய சாணம், இலைமக்கு, தென்னை நார்த்தூள், மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, அதோடு கொஞ்சம் செம்மண். நானே சல்லடையில் சலித்து, நிழலில் போட்டுப் புரட்டி, கையில் அள்ளினால் காட்டு மழை வாசனை வருகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். ஒரு சிட்டிகை யூரியா என் மாடிப்படி ஏறக் கூடாது என்று சட்டம் போட்டேன். இட்லிப்பூ, ரோஜா, ஒரு எலுமிச்சை, எல்லாம் முதல் மழைக்காலத்தில் கொழுகொழு என்று வளர்ந்தன. கோடை வந்தது. இட்லிப்பூவின் புது இலைகள் வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இன்னும் உரம் போட்டேன். இன்னும் வெளுத்தது.

அன்றைக்கு நீ மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சட்டைப் பையில் சிறு புத்தகம் போல ஒரு பிஎச் தாள் வைத்திருந்தாய். ஒரு துண்டைக் கிழித்து நம் போர் தண்ணீரில் நனைத்துக் காட்டினாய். ஏழு என்பது நடு, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம், நம் தண்ணீர் எட்டைத் தாண்டி நிற்கிறது என்றாய். "சத்து மண்ணுலதான்பா இருக்குது. நீங்க போட்ட உரம் எங்கயும் போவல. சுண்ணாம்புத் தண்ணி ஊத்தி ஊத்தி மண்ணு காரமாயிடுச்சு, இருக்குற இரும்புச்சத்த வேரால எடுக்க முடியல" என்றாய். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உங்கம்மா வாரா வாரம் சுரண்டுகிற வெள்ளைப் படிவம்தான் என் தொட்டிகளிலும் படிந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு உன்மேல் வந்த பெருமையை உன்னிடம் சொல்லவில்லை. டீக்கடையில் சொன்னேன்.

பேட்டரி ஆசிட் கதையை மறந்திருக்க மாட்டாய். காரம் அதிகம் என்றால் ஆசிட் ஊற்றினால் சரியாகிவிடும், இது என்ன பெரிய வித்தை என்று, சப்-ஸ்டேஷனில் இருந்த என் பழைய சகாவிடம் கேட்டு ஒரு பாட்டில் பேட்டரி ஆசிட் வாங்கி வந்தேன். கரண்ட் ஆபீஸ்காரனுக்கு வேறு எந்த ஆசிட் தெரியும்? செடிகளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிற மாடி டிரம்மில் சாய்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கத்தினாய். "அப்பா! இது உயிரு இருக்குற மண்ணுப்பா. புழு, பூஞ்சான், கண்ணுக்குத் தெரியாததுன்னு அத்தினியும் சேந்துதான் சோறு ஆக்கிப் போடுது. இத ஊத்தினா எல்லாம் செத்துடும், அப்புறம் நீங்க வெறும் தூசியிலதான் செடி வெக்கணும்." வாழ்க்கையில் முதல்முறையாக என்னைப் பார்த்து நீ கத்தினாய், நான் கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து எலுமிச்சைச் சாறு, அது தீர்ந்தால் மளிகைக் கடை லெமன் சால்ட், ஐப்பசி கார்த்திகையில் மாடிக் குழாயில் பிடித்து வைக்கிற மழைத் தண்ணீர். உங்கம்மா ரசத்துக்குப் பழம் இல்லை என்று என்னைத் திட்டாத நாள் கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்தேன். செடிக்கு ஆறரை பிஎச்தான் சரி என்று நீ சொன்னபடி காலையில் லெமன் சால்ட் கலந்து அந்த அளவுக்குக் கொண்டுவந்து வைத்த தண்ணீர், மாலையில் மறுபடி ஏழரைக்கு ஏறி நின்றது. யாரோ டிரம்மில் போர் தண்ணீரைத் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று உங்கம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சுண்ணாம்புத் தண்ணீரின் குணமே அதுதான், புளிப்பைச் சேர்த்தால் இறங்கும், திறந்து வைத்தால் மெல்ல மெல்ல ஏறிவிடும், அதனால் கலந்து வைத்துவிட்டுப் போகக் கூடாது, ஊற்றுகிற நேரத்தில் கலந்து, ஊற்றுகிற நேரத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தந்தாய். தினமும் மாலை யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். என் கண்ணில் அப்போதே புரை விழ ஆரம்பித்திருந்தது. எனக்கு மஞ்சளும் பச்சையும் ஒரே மாதிரி கலங்கித் தெரிந்தன. தாளின் நிறத்தை அட்டையோடு வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. "நான் இருக்கேன்ல, நான் பாத்துச் சொல்றேன்" என்றாய். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன்.

அதன்பிறகு நம் வீட்டில் மாலை என்றால் அதுதான். நீ வேலையிலிருந்து வருவாய், சட்டையைக்கூட மாற்றாமல் மாடிக்குப் போவாய், கொஞ்ச நேரத்தில் மேலிருந்து "ஆறரைப்பா!" என்று குரல் வரும். நான் ஏறிவந்து ஊற்றுவேன். சில நாள் ஏழு என்பாய், இன்னும் ஒரு சிட்டிகை போடுவோம். ஒருநாள் ஐந்தரை என்று சொல்லி, உங்களுக்குக் கை தாராளம் என்று கேலி செய்தாய். அந்த ஐந்தரையும் ஏழும்தான் எனக்கு நம்பிக்கையைக் கொடுத்தன என்று இப்போது புரிகிறது. கடைசி ஒரு வருஷமாக ஏழும் வரவில்லை, ஐந்தரையும் வரவில்லை. தினமும் ஆறரை. நீ வர நேரமானால் உங்கம்மா கீழிருந்தே சொல்வாள், "அவன் காலையிலயே பாத்துட்டானாம், ஆறரையாம்." எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். காலையில் பார்த்தது மாலைக்கு ஆகாது என்று எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான். எனக்கு வரவில்லை. கலக்குகிற என் கை தேறிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வாத்தியார் செடி வைக்க ஆசைப்பட்டு ஒருநாள் வந்தாரே, அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது. அவரை மாடிக்கு அழைத்துப் போய், தொட்டி தொட்டியாக நிறுத்தி, இயற்கை மண் என்றால் என்ன, தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தேன். "நம்ம வூட்டுத் தண்ணி தெனமும் ஆறரை சார். எம்புள்ள பாத்துச் சொல்லுவான். புது இலையப் பாருங்க, எப்படிப் பச்சையா இருக்குது!" என்று ஒரு கிளையைப் பிடித்துக்கூடக் காட்டினேன். அவர் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்த கிளையை ஒரு கிழவன் பச்சை என்று காட்டுகிறான், பக்கத்தில் அவன் பெண்டாட்டி வாயைத் திறக்காமல் நிற்கிறாள். அவர் என்ன நினைத்திருப்பார்? அன்று நீயும் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாய்.

கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள் காலை, யாரும் எழுவதற்கு முன் மாடிக்குப் போனேன். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, தூசி படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே. அடடா, வானம் இவ்வளவு நீலமா என்று நின்றேன். நம் கைப்பிடிச் சுவருக்கு அடித்திருப்பது பச்சை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன், அதுவும் நீலம். அந்தச் சந்தோஷத்தோடு திரும்பி என் செடிகளைப் பார்த்தேன். இட்லிப்பூ முழுக்க மஞ்சள். மஞ்சள் காகிதத்தில் பச்சைப் பேனாவால் கோடு இழுத்த மாதிரி, முதல் கோடையில் பார்த்த அதே இலை. எலுமிச்சையில் நுனி கருகி நின்றது. மண்ணின் மேல் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை. ஆனால் ரோஜாக்கள் மட்டும் பளபள என்று இருந்தன. ஒரே மண், ஒரே தண்ணீர், இட்லிப்பூ சாகிறது, ரோஜா சிரிக்கிறது, அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. டாக்டர் சொன்னதை மறந்து குனிந்து தொட்டிக்குள் கையை விட்டேன்.

மேலே நாலு விரல் ஆழத்துக்கு என் மண். அதற்குக் கீழே களிமண் கலந்த நர்சரிச் செம்மண், கையில் பிசுபிசு என்று ஒட்டியது. இன்னும் கீழே விரலில் கறுப்பு பிளாஸ்டிக் தட்டியது. நர்சரிப் பையைக்கூடக் கிழிக்காமல் அப்படியே தொட்டியில் இறக்கி, மேலே என் மண்ணைத் தூவியிருந்தாய். அவசரம் போலிருக்கிறது. பக்கத்துத் தொட்டியிலும் பை. அதற்கடுத்ததிலும். என் ரோஜாக்கள் எப்போது செத்தன, எங்கே கொட்டினாய் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. செத்துப்போன செடிகளின் இடத்தில் புதிதாக வந்து நின்றவற்றுக்கு நான் தினமும் தண்ணீர் ஊற்றி, பேர் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர்கள் செத்தால் துக்கத்துக்குப் போகிறோம், செடிக்கு அது வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் செத்துவிட்டது என்ற சேதியாவது எனக்கு வந்திருக்க வேண்டாமா?

அன்று முழுவதும் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. உங்கம்மா வந்து சொட்டு மருந்து விட்டாள், கஞ்சி கொடுத்தாள், "இப்ப எப்படித் தெரியுது?" என்று கேட்டாள். நல்லாத் தெரியுது என்றேன். மாலையில் நீ வந்தாய். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, மாடிப் பக்கமே போகாமல் உள்ளே வந்தாய். உனக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நீ வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் கேட்டேன். "இன்னிக்கு எத்தினிடா?" என்றேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே "ஆறரைப்பா" என்றாய். ரொம்ப காலத்துக்குப் பிறகு உன் முகத்தை நான் தெளிவாகப் பார்த்தது அப்போதுதான். ஒரு மயிரிழைகூட மாறவில்லை. சின்ன வயதில் மிட்டாய் திருடினால்கூட காது சிவந்து மாட்டிக்கொள்கிற பையன் நீ. இந்த முகம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மீதியெல்லாம் நான் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப்போய், அந்தக் கறுப்புப் பையை உன் முன்னால் போட்ட பிறகுதான் வந்தது. ஒரு வருஷமாக மாலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறாய். சாரம் பகுதியில் இருக்கிற செலினைக் கட்டிக்கொள்ளப் போகிறாய். அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா, அவளுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது, கல்யாணம் முடிந்ததும் நீயும் அங்கே போகிறாய். பெண் வீட்டில் பேசி முடித்து, உங்கம்மா போய்ப் பூ வைத்துவிட்டும் வந்திருக்கிறாள், ஆபரேஷனுக்கு முன் நான் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சாமி படத்துக்குத் தினமும் அவள் வைத்த "நம்ம மாடி ரோஜா" தெருமுனைப் பூக்காரியிடம் வாங்கியது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொல்லி அழுதாள்.

"உங்களுக்கு பிபி இருக்குது, ஆபரேஷன் முடியட்டும்னுதான்பா" என்றாய். "இன்னாத்துக்கு இப்ப கத்துறீங்க, இதுக்குத்தான் பயந்தோம்" என்றாள் உங்கம்மா. நான் கத்துவேன். அது ஊருக்கே தெரியும். செலினைப் பற்றி வந்து சொல்லியிருந்தால் ஒரு வாரம் கத்தியிருப்பேன், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளியிருப்பேன், அவள் கோயிலுக்குப் போகிறாளா சர்ச்சுக்குப் போகிறாளா என்று கேட்டிருப்பேன். அடுத்த வாரம் சட்டையை மாட்டிக்கொண்டு சாரத்துக்கு உன்னோடு வந்திருப்பேன். இதை நீ நம்ப மாட்டாய், ஆனால் எனக்கு என்னைத் தெரியும். நீ அங்கே போகிறாய் என்றால் அழுதிருப்பேன். அழ எனக்கு ஒரு வருஷம் கிடைத்திருக்கும். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு எனக்குத் தினமும் ஒரு ஆறரையைக் கொடுத்தீர்கள். தண்ணீரை விட்டுவிட்டு என்னைத்தான் கலந்து பதமாக வைத்திருந்தீர்கள். குருடனாகிக்கொண்டிருந்த ஒருவன் உன் கண்ணைக் கடன் கேட்டான், நீயும் கொடுக்கிறேன் என்றாய். அதனால்தான் எனக்கு வலிக்கிறது. செடிக்காக இல்லை. செடிக்காகவும்தான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி அப்பன் என்ற முறையில் கொஞ்சம். செலின் நேற்று ஃபோனில் உங்கம்மாவிடம் பேசியபோது, நீங்கள் போகிற ஊரில் தண்ணீர் சுண்ணாம்பு, கெட்டிலில் வெள்ளையாகப் படியும், ஆன்ட்டி பயப்பட வேண்டாம், காப்பி நன்றாகத்தான் இருக்கும் என்றாளாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல பெண். பால்கனி இருக்கிற வீடு என்றும் சொன்னாளாம், நீ சும்மா இருக்க மாட்டாய், தொட்டி வாங்குவாய். அங்கேயும் உயிருள்ள மண்ணையே போடு. பிஎச் எண்ணைத் துரத்திக்கொண்டு தினமும் புளிப்பை ஊற்றாதே, நல்ல மண் தானாகவே நிறையச் சமாளிக்கும். அதற்காக மண் பொறுத்துக்கொள்கிறதே என்று கண்ட தண்ணீரை வருஷக்கணக்காக ஊற்றாதே. மேலுக்கு ஒன்றும் தெரியாது, தெரிகிற நாளில் வேர் பட்டினியாக இருக்கும். மழை பெய்தால் பிடித்து வை. ஊற்றுகிற நேரத்தில் பார். தாளைவிடப் புது இலையைப் பார். கெட்டுப்போனது கெட்டுப்போனது என்று தெரிந்தால்தான் சரி செய்ய முடியும். என் இட்லிப்பூவை நான் இப்போது அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளை படிந்த மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு, புது இலைமக்கு போட்டு, கலந்த உடனே ஊற்றுகிறேன். ஒரு கிளையில் மட்டும் சின்னதாகப் பச்சை துளிர்த்திருக்கிறது. மற்ற கிளைகள் பிழைக்குமா என்று சொல்லத் தெரியவில்லை.

ஃபோன் செய்வாய். அங்கே குளிர் இருக்கும், வேலை உடனே கிடைக்காது, பாஷை தடுக்கும், உனக்கும் அவளுக்கும் சண்டை வரும். அப்போதெல்லாம் "நல்லா இருக்கேம்பா" என்று சொல்லத்தான் வாய் வரும், நீ ஒரு வருஷம் பழகிய வாய். எனக்கு அது வேண்டாம். எட்டு என்றால் எட்டு என்று சொல். நான் இங்கே கத்துவேன், உங்கம்மா ஃபோனைப் பிடுங்குவாள், ஆனால் எனக்கு என் மகன் எங்கே நிற்கிறான் என்று தெரியும். அது தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை என்பதை இந்த மாதம் கண்டுகொண்டேன்.

கல்யாணத்துக்கு வருகிறேன். உங்கம்மா எடுத்து வைத்திருக்கிற பட்டு வேட்டியையே கட்டிக்கொண்டு வருகிறேன். முன் வரிசையில் உட்கார்ந்து, சம்பந்தியோடு கைகுலுக்கி, போட்டோவில் நிற்கிறேன். சந்தோஷமாக வருகிறேன் என்று எழுதலாம் என்று இந்த வரிக்கு வந்து பேனாவை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன். எழுதினால் அதுவும் நீ சொன்ன ஆறரையாகிவிடும். அதனால் எழுதவில்லை.

இன்று மாலை டிரம்மில் ஏழரை. நானே பார்த்தேன்.

அப்பா